ஆகவே என்று எழுதும் முன்

வடிவியல் நோட்டில் மூன்று புள்ளிகள் வைக்கிறோம். மேலே ஒன்று, கீழே இரண்டு. வாசிக்கும்போது "ஆகவே" என்கிறோம். 1659-இல் ஸ்விட்சர்லாந்துக்காரரான யோகான் ரான் வெளியிட்ட இயற்கணித நூலில் அச்சேறிய குறி அது. நாமக்கல் மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு டீச்சராக இருந்த காலம் முழுக்க, நான் சிவப்பு மையால் அதிகம் சுழித்தது தப்பான கூட்டலையோ பெருக்கலையோ இல்லை. இந்த மூன்று புள்ளிகளைத்தான்.

பிள்ளைகளுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்வேன். "நாமக்கல் ஊருக்கு நடுவில் ஒரு பெரிய பாறை இருக்கிறது. ஆகவே நாமக்கல்லில் முட்டை உற்பத்தி அதிகம்." பாறை இருப்பது உண்மை. முட்டை அதிகம் என்பதும் ஊரறிந்த உண்மை. இரண்டு உண்மைகளைச் சேர்த்து எழுதிய அந்த வாக்கியம் மட்டும் பொய். எங்கே பொய் நுழைந்தது என்று கேட்டால் வகுப்பே சிரித்துக்கொண்டு நடுச்சொல்லைக் காட்டும். முன்னது சரி, பின்னது சரி என்பதோடு "ஆகவே" நிற்பதில்லை. முன்னதை ஒப்புக்கொண்டவர் பின்னதையும் ஒப்புக்கொண்டே தீர வேண்டும் என்று அது வழக்காடுகிறது. அந்த வழக்கை நிரூபிக்க வக்கில்லாத இடத்தில் அந்தச் சொல்லை எழுதக் கூடாது.

கணக்கு நோட்டோடு இது முடிந்திருந்தால் நான் கட்டுரை எழுத வேண்டியதில்லை. கோயிலிலும் வீட்டிலும் களத்துமேட்டிலும் நாள்தோறும் நாம் புழங்குகிற சொல் இது. கடவுள் நம்பிக்கையோடு இதற்கு என்ன உறவு என்ற கேள்வி என்னோடு பல காலமாக இருக்கிறது. அதை எனக்குள் போட்டவன் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன். லாரி பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்பவரின் மகன். கணித மேதை ராமானுஜனைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது எழுந்து நின்று கேட்டான்: "டீச்சர், நாமகிரித் தாயாரே வந்து கணக்குச் சொல்லிக் குடுத்தாங்கன்னா, அதை அவரு எதுக்குங்க நிரூபிக்கோணும்?"

வேறு ஊரில் இது வெறும் பொதுஅறிவுக் கேள்வி. எங்கள் ஊரில் அந்தத் தாயாரின் சன்னதி பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து போகிற தூரம். பாறையின் ஒரு பக்கம் குடைவரையில் நரசிம்மர், மறுபக்கம் அரங்கநாதர். அதியமான் மரபினர் குடைந்தவை என்று கல்வெட்டு சொல்கிறது. நரசிம்மருக்கு எதிரே கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கிறார் பதினெட்டு அடி ஆஞ்சநேயர். வெளியூர்க்காரர்கள் அவரைப் பார்க்கத்தான் வருவார்கள். உள்ளூர்ப் பெண்கள் தாயார் முன்னால்தான் கூடுதல் நேரம் நிற்போம். பிள்ளையின் பரீட்சை, பெண்ணின் கல்யாணம், வீட்டுக்காரர் ஓட்டுகிற வண்டி பத்திரமாகத் திரும்புவது என்று எல்லாவற்றையும் அவளிடம்தான் சொல்வோம்.

ராமானுஜன் குடும்பத்துக்கும் அவள்தான் குலதெய்வம். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் அவர் பிறந்தார். நெடுநாள் பிள்ளையில்லாமல் இருந்து நாமகிரியை வேண்டிப் பெற்ற பிள்ளை என்று அந்த வீட்டில் சொல்லிக்கொண்டார்கள். கும்பகோணத்தில் வளர்ந்து, கல்லூரியில் கணிதம் தவிர மற்றவற்றில் தவறி, 1912-இல் மதராஸ் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்க் குமாஸ்தாவானார். கனவில் தாயார் கணக்குகளைக் காட்டினாள் என்று அவரே நண்பர்களிடம் சொன்னதாகப் பதிவுகள் உள்ளன. சீமைக்குப் போகலாமா கூடாதா என்ற தயக்கம் வந்தபோது, அவரும் துறைமுக அலுவலகத்தில் மேலதிகாரியாக இருந்த எஸ்.நாராயண ஐயரும் நாமக்கல்லுக்கு வந்து கோயிலில் தங்கி உத்தரவு கேட்டதாக ஐயர் குடும்பத்தார் சொல்லி வந்திருக்கிறார்கள். அம்மா கோமளத்தம்மாளின் கனவில்தான் தாயார் உத்தரவு கொடுத்தாள் என்றும் சொல்வார்கள். எப்படியானாலும் 1914 மார்ச் 17 அன்று அவர் கப்பல் ஏறினார்.

தாயார் கொடுத்தாள் என்பதை மறுக்க எனக்கு மனமில்லை, மறுக்க வேண்டிய தேவையும் இல்லை. ஒரு மனிதனின் மனத்துக்குள் உண்மை எந்த வாசல் வழியாக வருகிறது என்பதை வெளியில் இருப்பவர் சட்டம் போட்டு நிறுத்த முடியாது. மாணவன் கேட்டது அதற்கு அடுத்த கேள்வி. வந்து சேர்ந்த உண்மைக்கு "ஆகவே" எதற்கு?

ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களில் "ஆகவே" அபூர்வம். பள்ளிப் பருவத்தில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலே அப்படிப்பட்டது. ஆயிரக்கணக்கான முடிவுகள் வரிசையாக இருக்கும், விளக்கம் ஓரிரு வரிதான். காகிதம் வாங்கக் காசில்லாததால் சிலேட்டில் போட்டு, முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார். நடுவில் நடந்து வந்த வழி முழங்கையோடு போய்விட்டது.

அந்த வழியை முதலில் கேட்டவர் கேம்பிரிட்ஜ் கணிதர் ஹார்டி இல்லை. நாராயண ஐயர்தான். இரவில் இருவரும் சிலேட்டோடு உட்கார்வார்களாம். ராமானுஜன் எழுதும் ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவே பல படிகள் தாண்டப்பட்டிருக்கும். என் அறிவின் அளவுக்கு இறங்கி வந்து நடுவில் இன்னும் பத்து வரியாவது எழுது, எனக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும் என்று ஐயர் வற்புறுத்தினார் என்று அவர் மகன் நினைவுகூர்ந்திருக்கிறார். தாயார் மேல் ராமானுஜனுக்குக் குறையாத பக்தி கொண்டவர் நாராயண ஐயர். அவருக்கு அந்தப் பத்து வரியைக் கேட்பது அவநம்பிக்கையாகத் தோன்றவில்லை. கூட நடந்து வர ஆசைப்படுகிறவன் கேட்கிற உரிமையாகத் தோன்றியது. இந்தச் செய்தியை நான் வகுப்பில் சொல்லாமல் விட்டதே இல்லை.

1913 ஜனவரி 16 தேதியிட்ட ராமானுஜனின் கடிதம் கேம்பிரிட்ஜுக்குப் போனது. ஹார்டி வியந்து பதில் எழுதினார், கூடவே நிரூபணங்களைக் கேட்டார். கடிதத்தில் இருந்தவற்றில் பல அவர் பார்த்திராதவை, பெரும்பாலும் சரியானவை. பகா எண்களைப் பற்றி ராமானுஜன் கண்டதாகச் சொன்னவற்றில் பிழை இருந்தது. நம்மூர்ப் பேச்சுகளில் இந்தச் செய்தியை மூடி மறைக்கிறோம். மறைத்தால் தாயாருக்குப் பெருமை என்று நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. காரணத்தை ஒரு கணக்கு வழியாகவே சொல்கிறேன், பொறுமையாகக் கூட வாருங்கள்.

நான்கு என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்துக் கூட்டலாம்? நான்காகவே வைக்கலாம், மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், நான்கு ஒன்றுகள். மொத்தம் 5 வழிகள். ஒன்பதை இப்படிப் பிரித்தால் 30 வழிகள். பதினான்குக்கு 135. பத்தொன்பதுக்கு 490. இருபத்துநான்குக்கு 1,575. நான்கில் தொடங்கி ஐந்தைந்தாகத் தாண்டிப் போனால் ஒவ்வொன்றும் ஐந்தால் வகுபடுகிறது. 200 வரை மக்மஹோன் என்ற கணிதர் கையால் கணக்கிட்டு வைத்திருந்த பட்டியலில் ராமானுஜன் இதைக் கண்டார். இத்தனை முறை சரியாக வந்துவிட்டதே, ஆகவே என்றைக்கும் சரியாகத்தான் வரும் என்று எழுதிவிடலாமா? அவர் எழுதவில்லை. இது ஏன் எப்போதும் நடந்தே தீரும் என்பதற்கு நிரூபணம் கண்டு, 1919-இல் வெளிவந்த கட்டுரையில் கொடுத்தார். ஏழுக்கும் அப்படியே கொடுத்தார்.

அதே ஆராய்ச்சியில் இன்னொன்றையும் கண்டார். அதை நிரூபிக்கவில்லை, இப்படி இருக்கும் என்று தோன்றுகிறது என்று ஊகமாக வைத்தார். ஏழின் அடுக்குகளைப் பற்றியது அது. ஐந்தைப் பிரிக்கும் வழிகள் 7, அது ஏழால் வகுபடும். நாற்பத்தேழைப் பிரிக்கும் வழிகள் 1,24,754, அது 49-ஆல் வகுபடும். அதே ஒழுங்கில் அடுத்து வரும் எண் 243. அதைப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 343-ஆல் வகுபட வேண்டும். கையில் இருந்த பட்டியலோ 200-இல் முடிந்துவிட்டது. ராமானுஜன் 1920 ஏப்ரல் 26 அன்று முப்பத்திரண்டு வயதில் மறைந்தார். பிறகு ஹன்ஸ்ராஜ் குப்தா என்ற இந்தியக் கணிதர் பட்டியலை நீட்டினார். 1934-இல் சர்வதமன் சௌலா அதில் 243-ஆம் இடத்தைப் பார்த்தார். 49-ஆல் வகுபடுகிறது, 343-ஆல் வகுபடவில்லை. ஊகம் அங்கே உடைந்தது. 1938-இல் வாட்சன் என்ற கணிதர் அதைத் திருத்தி, திருத்திய வடிவத்தை நிரூபித்தார்.

இந்தக் கதையில் யாரும் தோற்கவில்லை. ராமானுஜன் நிரூபித்ததை நிரூபித்தேன் என்றார், தோன்றியதைத் தோன்றுகிறது என்றார். இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டு வைத்தார். அந்தக் கோடு இருந்ததால்தான் பின்னால் வந்தவர்களால் பிழையைக் கண்டு, மிச்சமிருந்த பெரிய உண்மையைக் காப்பாற்ற முடிந்தது. தாயார் சொன்னாள், ஆகவே கேள்வி கேட்காதே என்று ஒரு கூட்டம் வேலி போட்டிருந்தால் வாட்சனின் திருத்தம் வந்திருக்காது. நாமகிரியின் அருள் ராமானுஜனோடு நின்றுவிடாமல் குப்தாவிடமும் சௌலாவிடமும் தொடர்ந்தது என்று சொல்வதில் எனக்குத் தயக்கமே இல்லை. ராமானுஜனின் நோட்டுகளில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளுக்கு வழி கண்டு எழுத புரூஸ் பெர்ன்ட் என்ற கணிதர் 1977-இல் உட்கார்ந்தார். அந்தப் பணியின் ஐந்தாவது தொகுதி வெளிவந்தது 1998-இல். இரண்டு தலைமுறை மனிதர்கள் சேர்ந்து அந்த விடுபட்ட "ஆகவே"களை எழுதி முடித்தார்கள். அதையும் நான் ஒரு கைங்கரியமாகவே பார்க்கிறேன்.

நம்பிக்கைக்குக் காரணம் கேட்பது மேற்கத்திய வழக்கம், நம் மரபு அப்படியில்லை என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நம் மரபின் புத்தகங்களைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் நாயகிக்கு முதலில் கற்றுக்கொடுப்பது தியானம் இல்லை, அளவை. ஒரு முடிவைச் சொன்னால் அதற்கு ஏது வேண்டும், ஏதுவுக்கு எடுத்துக்காட்டு வேண்டும், எந்த ஏது பழுதானது என்று ஒரு காதையின் பெரும்பகுதி போகிறது. தவம் பூணப் போகிற பெண்ணுக்குத் தருக்கம் எதற்கு என்று அந்தக் கவிஞருக்குத் தோன்றவில்லை. சைவத்தில் மெய்கண்டாரின் சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரம். ஆனால் நூல் நடக்கிற விதத்தைப் பாருங்கள். மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்று படி வைத்து ஏறுகிறது. முதல் சூத்திரமே ஒரு பெரிய "ஆகவே". உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, ஆகவே அதை ஒடுக்கித் தோற்றுவிக்கிற ஒருவன் வேண்டும். இதை ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பவரும் நுழைய வாசல் திறந்து வைத்திருக்கிறார் மெய்கண்டார் என்பதே எனக்கு முக்கியம். தன் அனுபவத்தைச் சொல்லி நம்பு என்று நிறுத்தியிருக்கலாம். அவர் ஏது சொன்னார்.

பழைய தருக்க நூல்கள் பலவற்றிலும் வருகிற பாடம் மலையும் புகையும். மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது, அடுக்களையில் பார்த்தது போல. அதோடு விட மாட்டார்கள். தூரத்தில் தெரிவது புகைதானா, பனியா என்ற சந்தேகம் இருக்கும்வரை அந்த "ஆகவே" செல்லாது என்பார்கள். சேந்தமங்கலம் பக்கம் மார்கழி விடியலில் கொல்லிமலையைப் பார்த்தவர்களுக்கு அந்த எச்சரிக்கையை விளக்க வேண்டியதில்லை. மலை இடுப்பில் வெள்ளையாகச் சுற்றிக் கிடப்பது எதுவென்று வெயில் ஏறும்வரை சொல்ல முடியாது. கோடையில் அதே இடத்தில் காட்டுத்தீப் புகை எழும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். காரணமாக எதை வைக்கிறோமோ அதையே முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று அந்த நூலோர் எவ்வளவு அக்கறையாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள்!

அந்த அக்கறை எங்கள் சமவெளியில் எப்படிக் கைவிடப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நான் கட்டுரை எழுத உட்கார்ந்ததே அதற்காக.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர் போடப் போகின்றன. அந்த வண்டி தோட்டத்துக்கு வருவதற்கு முன்னால் தண்ணீர் பார்ப்பவர் வருவார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு வரப்போரம் நடப்பார். ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நிற்கும். அங்கே சுண்ணாம்பால் புள்ளி வைத்து, கற்பூரம் காட்டி, மறுநாள் போர் போடுவார்கள். தண்ணீர் வந்த தோட்டத்தின் கதை சந்தை சந்தையாகப் போகும். ஆயிரம் அடி போயும் புழுதி மட்டும் பறந்த தோட்டத்தின் கதையை, கடன்பட்ட அந்தக் குடும்பம் வாசல் தாண்டிச் சொல்லாது. சொல்லப்படாத அந்தத் தோட்டங்களையும் சேர்த்து எண்ணாமல் "தேங்காய் நின்றது, ஆகவே தண்ணீர் வந்தது" என்று எழுத முடியாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று சொல்லிவைத்த நம் முன்னோர்கள் இந்த இடத்தைத்தான் சுட்டினார்கள். ஒன்றுக்குப் பிறகு ஒன்று நடந்தது என்பது வேறு, ஒன்றால் ஒன்று நடந்தது என்பது வேறு.

கற்பூரம் காட்டுவதை நான் குறை சொல்லவில்லை. பூமியைத் துளைக்கும் முன் அதை வணங்குவது நல்ல பண்பு. எங்கள் பக்கத்துக் கோயில்களில் கிடாய் வெட்டும் முன் மஞ்சள் நீர் தெளித்து, அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கும்வரை கூட்டம் காத்து நிற்கும். சாமி உத்தரவு இல்லாமல் கை வைக்கக் கூடாது என்ற அடக்கம் அதில் இருக்கிறது. அந்தக் காத்திருப்பில் "ஆகவே" எதுவும் இல்லை, வணக்கம் மட்டும்தான் இருக்கிறது. கிடாய் துலுக்கத் தாமதமாகிறபோது கூட்டத்தில் ஒரு குரல் எழும். சாமி கோபமாக இருக்கிறது. ஆகவே குடும்பத்தில் குற்றம் நடந்திருக்கிறது. ஆகவே யாரோ சுத்தமில்லாமல் வந்திருக்கிறார்கள். பார்வைகள் எல்லாம் போய் நிற்பது பெரும்பாலும் ஒரு மருமகள் முகத்தில். தாகமோ பயமோ கொண்ட ஓர் ஆட்டின் தோலில் தொடங்கி, இரண்டு "ஆகவே"யில், ஒரு பெண்ணின் நடத்தைவரை வந்துவிடுகிறார்கள். வணக்கமாக இருந்தது அந்த இரண்டு சொல்லில் தீர்ப்பாகிவிடுகிறது.

லாரித் தொழில் எங்கள் ஊருக்குச் சோறு போடுகிறது. எத்தனையோ வீடுகளின் துக்கமும் அந்தச் சாலைகளில்தான் இருக்கிறது. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்குக் கல்யாணமாகி ஆறு மாதத்தில் கணவன் ஓட்டிப் போன வண்டி வடக்கே ஒரு மலைப்பாதையில் கவிழ்ந்தது. இரவு பகலாகத் தூக்கமில்லாமல் ஓட்டியிருக்கிறான். சுமை அளவுக்கு மேல். இவை எல்லோருக்கும் தெரியும். துக்க வீட்டுத் திண்ணையில் நான் கேட்டது, "அவ வந்த நேரம்" என்ற மூன்று சொல். அந்த மூன்று சொல்லுக்குள்ளும் ஒரு "ஆகவே" ஒளிந்திருக்கிறது. அவள் வந்தாள், பிறகு வண்டி கவிழ்ந்தது. பிறகு என்பதை அழித்துவிட்டு ஆகவே என்று எழுதிவிட்டார்கள். அதற்கு ஏது என்ன, எடுத்துக்காட்டு எங்கே என்று எவரும் கேட்கவில்லை. எட்டாம் வகுப்பு நோட்டில் நான் அனுமதிக்காத ஒரு வரியை ஒரு பெண்ணின் வாழ்நாள் மேல் எழுதினார்கள். எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்றும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் விரும்பவில்லை.

"போன ஜென்மத்துப் பாவம்" என்ற பேச்சும் இப்படித்தான். வினைக் கொள்கையை நான் இகழவில்லை. நாம் செய்வது நம்மை விட்டுப் போகாது என்ற அச்சம் மனிதனை நேராக நடக்க வைக்கிறது. அந்தக் கொள்கை முன்னோக்கிப் பார்க்கச் சொல்லும்போது அறம். இன்று தீமை செய்தால் நாளை வருந்துவாய், ஆகவே செய்யாதே. அதைப் பின்னோக்கித் திருப்பி, இவன் வருந்துகிறான், ஆகவே நேற்று தீமை செய்தான் என்று படிப்பதில் கணக்குப் பிழையும் இருக்கிறது, கருணைப் பிழையும் இருக்கிறது. மழை பெய்தால் தரை நனையும். தரை நனைந்திருந்தால் மழைதான் பெய்தது என்று ஆகாது, யாரோ தண்ணீர் தெளித்தும் இருக்கலாம். கால் விளங்காத குழந்தையின் தாயிடம் போன பிறவியைப் பேசுகிறவர்கள், தடுப்பு மருந்து கிடைத்ததா, பிரசவத்தில் என்ன நடந்தது என்று கேட்பதையே விட்டுவிடுகிறார்கள். பொய்யான காரணம் வந்து உட்கார்ந்துகொண்டால் உண்மையான காரணத்துக்கு இடம் இல்லாமல் போகிறது.

திருக்குறளில் 37-ஆம் குறள் பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிப் போகிறவனையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிறது. பரிமேலழகர் அதற்குச் சொல்லும் உரை, அறத்தின் பயன் இது என்று நூல்களைக் கொண்டு உணர்த்த வேண்டாம், அந்த இருவரையும் கண்ணால் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பது. பிற்காலத்தில் வேறு சிலர் அதே குறளைத் தலைகீழாக வாசித்தார்கள். அந்த இருவரைக் காட்டி, அறத்தின் வழி இதுதான் என்று சொல்லாதே என்று வள்ளுவர் தடுக்கிறார் என்றார்கள். ஒரு வாசிப்பில் பல்லக்கு ஒரு "ஆகவே"க்குச் சாட்சி. இன்னொன்றில் அந்த "ஆகவே"யை எழுத வராதே என்ற கட்டளை. பரிமேலழகரின் புலமைக்கு முன் நான் மிகச் சிறியவள். ஆனாலும் கணக்கு டீச்சராக ஒன்று சொல்வேன். சுமக்கிறவனைப் பார்த்தால் அவன் சுமக்கிறான் என்பது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். முற்பிறவி கண்ணுக்குத் தெரியாது. காணாததைக் கண்டதாகச் சேர்த்து எழுதுகிற இடத்தில் நான் இரண்டாம் வாசிப்பின் பக்கம் நிற்கிறேன்.

இந்தப் பழக்கம் நம் வகுப்பறையிலும் வளர்கிறது என்பது என்னைக் கூடுதலாக வருத்துகிறது. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்காகத் தமிழ்நாடு முழுவதிலுமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து எங்கள் மாவட்டத்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்த காலம் ஒன்று உண்டு. தேற்றத்தை வரி வரியாக மனப்பாடம் செய்வார்கள். எந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் என்பது வரை தெரியும். மூன்று புள்ளிகளையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருப்பார்கள். ஏன் இந்த வரி அந்த வரியிலிருந்து வருகிறது என்று கேட்டால் விழிப்பார்கள். அப்படி வளர்ந்த பிள்ளைக்கு "ஆகவே" ஒரு நகாசு. காரணம் இல்லாமல் அந்தச் சொல்லைப் போட்டு நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டவன், நாளை அதே சொல்லைத் திண்ணையில் யாராவது போடும்போது ஏது எங்கே என்று எப்படிக் கேட்பான்? நிரூபணம் கற்பிப்பதைக் கணக்குப் பாடத்தின் ஒரு பகுதி என்று நான் என்றும் நினைத்ததில்லை. நீதி போதனை வகுப்பாகவே நடத்தினேன்.

அந்த மாணவனுக்கு அன்றைக்கு வகுப்பில் சுருக்கமாகச் சொன்ன பதிலை இங்கே விரித்துச் சொல்கிறேன். ராமானுஜனுக்கும் நாமகிரிக்கும் நடுவில் நிரூபணம் தேவைப்படவில்லை. அவள் காட்டினாள், அவர் கண்டார், அங்கே அது முடிந்தது. ராமானுஜனுக்கும் உனக்கும் நடுவில் தேவைப்படுகிறது. அவர் கண்ட கனவை நீ காணவில்லை. அவர் மேல் இருக்கும் மரியாதைக்காக மட்டும் நீ ஒப்புக்கொண்டால் நீ அடிமை, அவர் எஜமான். அவர் ஒவ்வொரு படியாகக் கை கொடுத்து, அவர் நின்ற இடத்துக்கே உன்னை ஏற்றிவிட்டால் நீங்கள் இருவரும் சமம். பட்டறையில் வெல்டிங் செய்கிறவரின் மகன் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் எழுதியதில் தப்பு இருக்கிறது என்று சொல்ல முடிகிற ஒரே இடம் அந்தப் படிக்கட்டு. நாராயண ஐயர் கேட்ட பத்து வரி உனக்காகவும் கேட்டதுதான்.

கடவுள் முன்னால் நிற்கும்போது நான் "ஆகவே" சொல்வதில்லை. விளக்கு ஏற்றினேன், ஆகவே எனக்கு இதைச் செய் என்று தாயாரிடம் கேட்டால் அது வியாபாரம். நான் கும்பிடுகிறேன், அவ்வளவுதான். சன்னதியை விட்டு வெளியே வந்து சக மனிதரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லும்போது, குறிப்பாக அவர் துன்பத்தைப் பற்றிச் சொல்லும்போது, காரணம் காட்டும் கடன் எனக்கு வந்துவிடுகிறது. காட்ட முடியாவிட்டால் "பிறகு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். அதுவும் முடியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்கிறேன்.

பூசாரிகளையும் ஜோசியர்களையும் ஆசிரியர்களையும் வீட்டுப் பெரியவர்களையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். பக்தியை விட வேண்டாம், கனவை விட வேண்டாம், உத்தரவு கேட்பதையும் விட வேண்டாம். ஒருவர் துயரத்துக்கு முன்னால் இன்னொருவர் பெயரை வைத்து நடுவில் "ஆகவே" போடப் போகிறீர்கள் என்றால், ஏது என்ன என்று ஒரு நிமிடம் உங்களையே கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தச் சொல்லைப் போடாதீர்கள்.